விரலாலேயே தடவச் சொன்னேன்

தொழுநோய் வார்டுகளில் கைவேலை சொல்லித்தரப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண் போன வாரம் என் வீடு தேடி வந்தாள். கையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, வார்டில் ஒட்டுப்படம் செய்யவைக்கும்போது கத்திரிக்கோலை எப்படிக் கொடுப்பது, முனை மழுங்கலாக இருக்க வேண்டுமா, எண்ணி வாங்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டாள். நல்ல கேள்விகள். தெரிந்ததைச் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன். அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பசையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உபதேசம் என்று நினைத்துப் பாதியில் மூடிவிடாதீர்கள். இது நான் செய்த தப்பு.

எழுபதுகளில் வில்லியனூருக்கும் உறுவையாற்றுக்கும் நடுவே, நாலு பக்கமும் நெல்வயல் சூழ்ந்த ஒரு சிறிய தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. பெண்கள் வார்டில் பன்னிரண்டு பேர். அவர்களுக்குக் கைவேலை சொல்லித்தருவதற்காக என்னை எடுத்திருந்தார்கள். நரம்பு செத்த கை எப்படியிருக்கும் என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது, வெட்டுப்பட்டால் தெரியாது. ரத்தத்தைக் கண்ணால் பார்த்தால்தான் காயம் பட்டதே தெரியும். அப்படிப்பட்ட இருபத்துநாலு கைகளுக்கு எதிரே கத்திரிக்கோல் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளின் பாடு பாடத்தில் இருக்காது. நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. அந்த வேலைக்குப் போன பிறகு பயம் எனக்கு மூன்று வேளைச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

ஒட்டுப்படத்துக்குச் செலவே இல்லை. பழைய காலண்டர், தீப்பெட்டி மேலட்டை, கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, எக்ஸ்ரே பிலிம் சுற்றி வரும் கறுப்புக் காகிதம், இவ்வளவுதான். வெட்டி, அடுக்கி, ஒட்டினால் ஒரு படம் வரும். விரல்கள் மடங்கிப்போன பெண்களுக்குக் காகிதத்தைப் பிடிப்பதும் நகர்த்துவதும் நல்ல பயிற்சி என்று டாக்டர் அனுமதித்திருந்தார். கத்திரிக்கோலின் முனைகளைத் தேய்த்து மழுங்கடித்தேன். பிடியில் துணி சுற்றினேன். ஆறு கத்திரிக்கோலையும் கொடுக்கும்போது எண்ணுவேன், நடுவில் எண்ணுவேன், வாங்கும்போது எண்ணுவேன். பூட்டிய பிறகு சந்தேகம் வந்து திறந்து மறுபடி எண்ணுவேன். "டீச்சரம்மா அதுங்களுக்குப் பேரு வெச்சி ஆஜர் எடுக்குது பாரு" என்று பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பேன். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருத்தியும் தொட்டியில் கை கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்ட வேண்டும். ரத்தம் இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வார்டுக்கு அனுப்புவேன்.

பசை விஷயத்தில்தான் எனக்கு ரொம்பப் பெருமை. வில்லியனூர் கடைத்தெருவில் நோட்டு பைண்டிங் செய்கிறவரிடம் பசை காய்ச்சும் பக்குவம் கேட்டபோது, "மைதா வெந்து வர்றப்ப கொஞ்சம் மயில்துத்தம் போட்டுடும்மா, பூச்சியோ எலியோ கிட்ட வராது" என்றார். துத்தம் விஷம். எங்கள் பெண்களின் கையெல்லாம் வெடிப்பு. பார்க்க வரும் பிள்ளைகள் பசையை நக்கினாலும் நக்கும். அதனால் துத்தமே வேண்டாம் என்று முடிவு செய்து, வெறும் மைதாவைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, என் முழங்கையில் தொட்டுப் பார்த்துத்தான் கிண்ணத்தில் ஊற்றுவேன். "வாயில போட்டாக்கூட ஒண்ணும் ஆகாது டாக்டர்" என்று நான் சொன்னபோது, அவர் தலையை ஆட்டி, "வெரி குட்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு வாரம் மிதந்தேன்.

குப்பம்மா ஏம்பலத்துக்காரி. கரும்பு வெட்டப் போனவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வலது கை விரல்கள் நாலும் உள்ளே மடங்கிப்போயிருந்தன. எட்டு வயதில் ஒரு மகள், மாமியாரிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவைசிகிச்சை வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கும். எங்கள் இடத்திலிருந்து எப்போதாவது ஒரு வண்டி போகும், ஒரு தடவைக்கு இரண்டு பேர். குப்பம்மா ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து அவள் முறை வந்திருந்தது. வண்டிக்கு இன்னும் பதினோரு நாள். கையில் சின்னப் புண் இருந்தாலும் அங்கே சேர்க்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

"வெரலு நிமிந்துச்சின்னா இன்னா பண்ணுவ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இன்னா பண்ணுவேன்? எம் பொண்ணுக்குத் தல பின்னுவேன். கெழவி பின்னிவுட்டா பள்ளிக்கூடம் போறதுக்குள்ள அவுந்துடுதாம்."

அவள் செய்துகொண்டிருந்த படமும் அதுதான். முதுகைக் காட்டி நிற்கிற ஒரு சின்னப் பெண், இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். பின்னலுக்கு எக்ஸ்ரே காகிதத்தை மெல்லிய இழையாகக் கிழித்து வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கையில் பிரஷ் நிற்கவில்லை. பசை தொடுவதற்குள் நழுவி விழும். நாலைந்து தரம் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போது நான் சொன்னேன்: "பிரஷ் வேணாம் குப்பம்மா. விரலாலேயே தடவு. இது வெறும் மைதாதான், ஒண்ணும் பண்ணாது."

மற்ற பதினொரு பேரும் பிரஷ்ஷால் தடவினார்கள். இவள் மட்டும் மடங்கிய விரல்களின் முதுகாலும் நுனியாலும் தடவினாள். பின்னல் அழகாக வந்தது.

அப்போது தை அறுவடை முடிந்த சமயம். வயல்கள் மொட்டையாகிவிட்டன. அதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஆனால் ஒன்றும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் வார்டு சிஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். "உன் கிளாஸ்ல குப்பம்மாவுக்கு வெட்டுப்பட்டிருக்கு. நேத்து கைய பாத்தியா இல்லையா?" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் நுனியில் சதை இல்லை. கிண்டி எடுத்தாற்போல் ஒரு குழி. குப்பம்மா விரலை நீட்டிக்கொண்டு, அது யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தார். விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்படி ஆச்சுன்னு தெரியற வரைக்கும் கிளாஸ் கிடையாது. கத்திரிக்கோல் வெளியே வரக் கூடாது" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. சிஸ்டர் மருந்து வைத்து விரலைக் கட்டி, "கட்டு நனையக் கூடாது, இந்தக் கைல தண்ணி படாம பாத்துக்க" என்று குப்பம்மாவிடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வண்டிக்குப் பத்து நாள் இருந்தது. சின்னக் காயம், ஆறிவிடும் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அன்று முழுக்கக் கத்திரிக்கோல் பெட்டியைத் திறந்து பார்த்தபடியே இருந்தேன். ஆறும் இருந்தன. ஒன்றில்கூட ரத்தக்கறை இல்லை. மழுங்கலான முனையால் அப்படிச் சதையை எடுக்க முடியுமா என்று என் விரலிலேயே அழுத்திப் பார்த்தேன். முடியாது என்றுதான் தோன்றியது. ஆனால் அதை டாக்டரிடம் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நினைப்பாரோ என்ற பயம். ஒரு விஷயம் பொருந்தவில்லை என்று உங்களுக்குப் பட்டால், யார் என்ன நினைத்தாலும் அப்போதே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு நாள் குப்பம்மா இழந்த நாள்.

அடுத்த காலையில் இரண்டாவது காயம். அதே கை, கட்டுப் போடாத நடுவிரல். கத்திரிக்கோல் பூட்டிய அலமாரியில், சாவி என் இடுப்பில். முதல் விரலின் கட்டும் பிய்ந்திருந்தது. உள்ளே காயம் பெரிதாகியிருந்தது. சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார். கெட்ட மனசுக்காரர் இல்லை. இருபது வருஷம் புண்களைக் கட்டியவர். "அவளே கடிச்சுக்கிறா. ஆபரேஷன் பயம். முன்னாடி ஒருத்தி இப்படிப் பண்ணியிருக்கா. நீ போய்ப் பக்குவமா கேளு, உங்கிட்டதான் பேசுவா" என்றார்.

எனக்கு அதைக் கேட்டதும் என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நிம்மதிதான் வந்தது. அப்படியானால் தப்பு என்னுடையது இல்லையே. அந்த நிம்மதியைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் போனேன்.

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்லு குப்பம்மா. யாரும் திட்ட மாட்டாங்க. நீயே விரலைக் கடிச்சுக்கிட்டியா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் தாங்க முடிவதில்லை.

"நானா? என் வெரல நானே துன்றனா? ஒரு வருசமா நாள் எண்ணிகினு கீறேன் டீச்சரம்மா. எவளாவது தன் வெரல தானே துன்னுவாளா?" சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டிலில் படுத்துப் பழக்கமில்லாததால் சுவரோரம் பாய் போட்டுத்தான் அவள் எப்போதும் படுப்பாள்.

வகுப்பறைச் சுவரிலிருந்த படங்களைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். அழுதுகொண்டே கழற்றினேன். குப்பம்மாவின் படம் காய்வதற்காகத் தரையில் சாய்த்து வைத்தபடியே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பின்னல் இல்லை. கறுப்புக் காகித இழைகள் தரையெங்கும் பிய்ந்து கிடந்தன. பசை தடவாத இடத்தில் அட்டை முழுசாக இருந்தது. பசை இருந்த இடத்தையெல்லாம் ஏதோ சுரண்டித் தின்றிருந்தது. அட்டையின் ஓரத்தில் இரண்டிரண்டாகப் பல் தடம்.

அட்டையைக் கையில் பிடித்தபடியே வார்டுக்கு ஓடினேன். குப்பம்மாவை எழுப்பி உட்காரவைத்து, வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. ஒரு பஞ்சை ஈரமாக்கி நகக்கண்ணிலும் வெடிப்பிலும் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக நெகிழ்ந்து வந்தது. பசை. காய்ந்து, தோல் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்த என் மைதாப் பசை. அன்றைக்கு அவள் தொட்டியில் கையை முக்கித்தான் எடுத்தாள். பசை போயிற்றா இல்லையா என்று அவள் தோலுக்குத் தெரியாது. நான் ரத்தத்தைத் தேடினேன், பசையைத் தேடவில்லை. அதற்கு மேல், தண்ணீர் படக் கூடாது என்று கட்டும் போட்டுவிட்டோம்.

அறுவடை முடிந்து வயலில் நெல்மணி இல்லை. எலி வேறு எங்கே போகும்? வலி தெரிகிற கை என்றால் முதல் கடியிலேயே உதறியிருக்கும். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மணி மூன்று ஆகியிருந்தது. இன்னும் நாலு மணி நேரத்தில் விளக்கு அணைத்துப் படுத்துவிடுவார்கள். முதலில் சிஸ்டரிடம் போய் அட்டையைக் காட்டினேன். அவர் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "வெந்நீர் வை" என்றார். வெதுவெதுப்பான நீரை என் முழங்கையில் பார்த்துவிட்டு, பன்னிரண்டு பேரின் கைகளையும் நாங்கள் இருவரும் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவினோம். குப்பம்மாவின் கட்டைப் பிரித்து, கழுவி, புதிதாகக் கட்டினோம். அவளைக் கட்டிலில் ஏற்றினோம். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். அவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

இனி டாக்டரிடம் போக வேண்டும். வராந்தாவில் நடக்கும்போது என் புத்தி வேலை செய்த விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எலி என்று சொன்னால் போதும். கட்டடம் பழசு, ஜன்னலில் வலை இல்லை, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு எழுதியும் யாரும் வரவில்லை. எல்லாம் உண்மைதான். என் பெயர் எங்கும் வராது. விரலாலேயே தடவச் சொன்னேன் என்பது எனக்கும் குப்பம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவளோ சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

டாக்டர் அறைக்குள் போய், "எலி கடிச்சிருக்கு டாக்டர்" என்றேன். அட்டையைக் காட்டினேன். அவர் பல்தடத்தைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு பேர் படுத்திருக்காங்க. அவளை மட்டும் ஏன்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா? சத்தியமாக எனக்குத் தெரியாது. கேட்டார், அதனால் சொன்னேன். துத்தம் போடாத பசை, நழுவிய பிரஷ், நான் சொன்ன வார்த்தை, பார்க்காமல் விட்ட நகக்கண், அவளே கடித்துக்கொண்டாள் என்று நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். கிளாஸை நிறுத்திவிடுங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

"நிறுத்தினா?" என்றார் அவர். "ராத்திரி சோறு சாப்பிட்ட கை? அதுல பருக்கை ஒட்டியிருந்தா அதுவும் இதே கதைதான். இத்தனை நாளா நாம யாருமே அதைப் பாக்கல."

கத்திரிக்கோல் திரும்ப வந்தது. பசைக்கு விரல் கூடாது, மடங்கிய கைக்குத் துணியால் கட்டிய தடித்த குச்சி. மீந்த பசையும் ஈரப் படங்களும் மூடி போட்ட தகரப் பெட்டிக்குள். கழுவிய கையை ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்க்காமல் யாரையும் அனுப்பக் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகும் அதே. இதெல்லாம் உங்கள் வார்டில் விதியாக ஒட்டியிருக்கும். நீங்களும் படித்துவிட்டுக் கடந்து போவீர்கள். நோயாளி "கழுவிட்டேன்" என்று சொன்னதை நம்பி நோட்டில் டிக் போடாதீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. ஒரு ஆபத்தை அடைத்துவிட்டு நீங்கள் பெருமைப்படும் நாளில் கொஞ்சம் கூடுதலாகவே பயப்படுங்கள். நான் விஷத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தீனியை வைத்தேன்.

குப்பம்மாவின் நடுவிரல் ஆறிவிட்டது. ஆள்காட்டி விரலில் புண் எலும்புவரை போய், நுனிக் கணுவை எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வண்டிக்கு ஏழு மாதம் ஆனது. அதில் அவள் போனாள், விரல்கள் நிமிர்ந்து திரும்பி வந்தாள். ஊருக்கு அனுப்பினோம். பிறகு ஒருநாள் டாக்டரிடம் கையைக் காட்டிவிட்டுப் போக வந்தபோது, பொண்ணுக்குப் பின்னிவிடுகிறாயா என்று ஆசையாகக் கேட்டேன். "நான் போறதுக்குள்ள அவளே பின்னிக்கக் கத்துக்கினா டீச்சரம்மா" என்றாள்.

ஆனால் உங்களுக்கு நான் கொடுத்துவிட்டுப் போக நினைப்பது அதற்கு முன்னால், முதல் வண்டி கிளம்பிய காலையில் அவள் சொன்னது. அவள் இடத்தில் பண்டசோழநல்லூர்க்காரி ஒருத்தி ஏறினாள். அவளும் காத்திருந்தவள்தான், அவள் மேல் யாருக்கும் கோபமில்லை. வண்டி ரோட்டில் திரும்பி மறையும்வரை குப்பம்மா கட்டுப் போட்ட கையோடு வராந்தாவில் நின்றாள். அத்தனை நாளும் அவள் என்னோடு பேசவில்லை. நான் பக்கத்தில் போய், "என்ன மன்னிச்சிடு குப்பம்மா" என்றேன்.

"மன்னிச்சி இன்னா ஆவப் போவுது? அடுத்த வண்டி எப்போ?"

"ஆறேழு மாசம் ஆகும்னு சொல்றாங்க."

அவள் கையை என் முன்னால் நீட்டினாள்.

"அது வரைக்கும் இத நீதான் பாத்துக்கணும். காலைல ஒருவாட்டி, சாப்புட்டப்புறம் ஒருவாட்டி. நல்லாகீதுன்னு நான் சொன்னாலும் நம்பாத. எனக்கு வலிக்காது. உனக்குதான் வலிக்கணும்."